யார் வாக்காளர்? கெடா தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களும் தோட்டம் கலைந்த பிறகான பிரதிநிதித்துவமும்

1. சிக்கல்

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் இல்லாமல் அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச்சில், ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றை மீட்க வேண்டும் என்று செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேர்தலை மீட்கச் சொன்ன ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர் என்பதை நம் வரலாற்றெழுத்து அதிகம் பேசியதில்லை.

இன்று கெடாவின் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ வாழும் தமிழர் ஒருவர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். அதற்குக் கீழே, தன் ஊரளவில் அவர் கைதூக்கும் இடங்கள் சொற்பம்: கோயில் நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கக் கிளை, பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளி. இவற்றுள் அரசுச் சட்டத்தின் நேரடி ஏற்பும் பொதுப்பணத்தின் வரவும் ஒருசேர உள்ள இடம் பள்ளி. ஆகவே பள்ளியின் பொறுப்புகளுக்குப் போட்டியிடுவது சிறிய செயலன்று. ஆனால் கெடாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் ஆண்டுக்கூட்டம் போட்டியின்றி முடிகிறது. இல்லையேல் இரண்டு அணிகளின் மோதலாக முடிகிறது. இதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள மேலாளர் வாரியம் அமைக்கப்படும் முறையோ, கலைந்துபோன தோட்டத்தை இன்னும் தன் தொகுதியாகக் கொண்டிருக்கிறது.

2. துரையின் பள்ளியிலிருந்து வாரியத்தின் பள்ளிக்கு

கூட்டமைப்பு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கெடா அக்கூட்டமைப்புக்கு வெளியே இருந்த மாநிலம். 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்து, அதன் பின் பிரிட்டிஷ் ஆலோசகரின் கீழ் வந்தது. எனினும் கோல மூடா, கூலிம் வட்டாரங்களில் பால்மரத் தோட்டம் போட்டவை அதே வகைக் கம்பெனிகள். எனவே பள்ளியும் அதே வடிவில் எழுந்தது: தோட்ட நிலத்தில் ஒரு கொட்டகை, தோட்ட மேலாளரான துரையின் செலவில் ஓர் ஆசிரியர், சில இடங்களில் கிராணியோ கங்காணியோ பகுதிநேர வாத்தியார். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டம்போல் பரந்த இடங்களில் பிரிவுக்கொரு பள்ளி அமைந்தது. அத்தோட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் தாங்கிய பள்ளிகள் அந்தக் காலத்தின் எச்சம்.

இந்த ஏற்பாட்டில் பெற்றோர் நிர்வாகத்தினர் அல்லர், பயனாளிகள் மட்டுமே. ஆனால் தோட்டத்து மக்களுக்குத் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரியாது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. போருக்குப் பின், 1946–47-இல், இதே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்தது. தோட்டத்து வாழ்வைத் தானே சீர்படுத்த முனைந்தது. 1947 தொடக்கத்தில் காவல்துறையோடு நேர்ந்த மோதல்களில் அது ஒடுக்கப்பட்டது. ஊரளவில் தலைமை உருவாகும் ஆற்றல் கெடாத் தோட்டங்களில் இருந்தது. அதற்கு நிலையான, சட்டம் ஏற்ற இருக்கை கிடைக்கவில்லை.

1956 ரசாக் அறிக்கையும் அதையொட்டி வந்த 1957 கல்விச் சட்டமும் தோட்டப் பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. ஆசிரியர் சம்பளம் அரசுடையதாயிற்று. நிர்வாகத்துக்கு மேலாளர் வாரியம் வந்தது. ஆனால் பல தோட்டங்களில் அந்த வாரியத்தின் தலைமை நாற்காலியில் தோட்ட மேலாளரே தொடர்ந்து அமர்ந்தார். நிலம் கம்பெனியுடையது, கட்டடம் கம்பெனியுடையது என்றால் வாரியம் வேறெப்படி அமையும்? பள்ளியின் சட்டப்பெயர் மாறியது; யாருக்கு யார் பதில் சொல்வது என்ற உறவு மாறவில்லை.

3. நிலம் யாருடையதோ, முடிவு அவருடையது

இன்று நடைமுறையில் உள்ள 1996 கல்விச் சட்டம், பள்ளிகள் நிர்வாக ஆவணம் ஒன்றின்படி நடத்தப்பட வேண்டும் என்கிறது. உதவிபெறும் பள்ளிகளில் அந்த ஆவணத்தின்படி வாரியத்தில் அறங்காவலர், புரவலர், முன்னாள் மாணவர், பெற்றோர், அரசு நியமித்தோர் ஆகிய தரப்புகள் இடம்பெறுகின்றன. இன்னொரு பக்கம், 1998-இன் விதிமுறைகளின் கீழ் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இயங்குகிறது. அதன் செயலவையை ஆண்டுக்கூட்டம் தேர்ந்தெடுக்கிறது. தலைமையாசிரியர் ஆலோசகராக இருக்கிறார். பள்ளியின் தொழில்முறை நிர்வாகத்தில் சங்கம் தலையிட முடியாது.

இந்த இரண்டு அமைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முரண் தெளிவாகிறது. பெற்றோர் நேரடியாக வாக்களிப்பது சங்கத்துக்கு. சங்கத்தால் விளையாட்டுப் போட்டியும் நிதி திரட்டும் விருந்தும் நடத்த முடியும். நிலத்தைப் பற்றியோ பள்ளி இடம் மாறுவதைப் பற்றியோ முடிவெடுக்க முடியாது. அந்த முடிவுகள் வாரியத்தின் வழியே போகின்றன. வாரியத்திலோ பெற்றோர் பல தரப்புகளுள் ஒரு தரப்பு மட்டுமே. புரவலர் இருக்கை பல இடங்களில் தோட்ட நிறுவனத்துக்கோ அதன் வழிவந்தவர்களுக்கோ உரியதாக நிற்கிறது. அந்த நிறுவனம் கைமாறியிருக்கலாம்; தோட்டமே வீடமைப்புத் திட்டமாக மாறியிருக்கலாம். இருக்கை மட்டும் இருக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு அரசு சம்பளத்தையும் தலைக்கணக்கு மானியத்தையும் தருகிறது. கட்டடப் பொறுப்பு பெரும்பாலும் வாரியத்தின் தலையில் விழுகிறது. முழு உதவி பெற வேண்டுமானால் நிலம் அரசுடையதாக வேண்டும். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே ஒரு புதிய வகுப்பறைக்கு வாரியத் தலைவர் கூட்டரசின் புத்ராஜெயாவையும் மாநிலத்தின் அலோர் ஸ்டாரையும் ஒரே நேரத்தில் அணுக வேண்டியுள்ளது. கெடாவில் 2008, 2013, 2018, 2020 என நான்கு முறை மாநில ஆட்சி கைமாறியிருக்கிறது. ஓர் ஆட்சிக்குழு உறுப்பினர் வாய்மொழியாகத் தந்த நில உறுதி அடுத்த ஆட்சியில் மீண்டும் விண்ணப்பமாகிறது. தொடர்ச்சி வாரியத்திடம் மட்டுமே எஞ்ச முடியும். அந்த வாரியத்துக்குத் தன் ஊரின் ஆதரவு வாக்காகப் பதிவாகியிருந்தால்தான் எந்த ஆட்சியிடமும் அது மக்கள் பிரதிநிதியாகப் பேச முடியும். இல்லாவிட்டால் கட்சிக்காரரின் சிபாரிசுக் கடிதம் தேவைப்படுகிறது.

4. கலைந்த தொகுதி

தோட்டப் பள்ளியின் வாக்காளர் தொகுதி, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயம். லயத்தில் வாழ்ந்தவர் பெற்றோர். பெற்றோர் தோட்டத் தொழிலாளர். அவர்களின் பெற்றோரும் அதே பள்ளியில் படித்தவர்கள். இந்த ஒருமை மூன்று கட்டமாக உடைந்தது.

முதலாவது, 1950-களிலும் 60-களிலும் நடந்த தோட்டத் துண்டாடல். பிரிட்டிஷ் கம்பெனிகள் விற்றுச் சென்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாகப் பிரிந்தபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. இதற்கு விடையாக வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். தொழிலாளரே பங்குதாரராக நிலம் வாங்கும் அந்த வழி, பள்ளிக்கும் நிலப் பாதுகாப்பு தரக்கூடிய வழியாக இருந்தது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் அது எட்டவில்லை. இரண்டாவது, பால்மரம் செம்பனைக்கு இடம் கொடுத்தது. ஏக்கருக்குச் செம்பனை கேட்கும் ஆள் குறைவு. அந்தக் குறைந்த ஆட்களின் இடத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். மூன்றாவது, தொழிற்பேட்டைகள். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் சுங்கை பட்டாணியின் ஆலைகளும் தோட்டத்துப் பிள்ளைகளை ஷிப்ட் வேலைக்கும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அழைத்துக்கொண்டன.

நாடு முழுவதும் 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்பதன் பின்னணி இதுவே. எண்ணிக்கை குறைவதைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. நிலைத்து நிற்கும் தோட்டப் பள்ளிக்கு இப்போது பிள்ளைகள் வேனிலும் பேருந்திலும் வருகிறார்கள். 150 மாணவருக்கும் கீழே இறங்கிய பள்ளிகளை அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகிறது. பள்ளியைச் சுற்றி வாழ்பவர் அதன் பெற்றோர் அல்லர். அதன் பெற்றோர் சுற்றி வாழ்பவர் அல்லர். மறுபுறம், தாமான்கள் பெருகிய இடத்தில் பள்ளி இல்லாத குறை. சுங்கை பட்டாணியின் தாமான் கெலாடியில் புதிய தமிழ்ப்பள்ளி எழுந்தது இந்த இடப்பெயர்ச்சிக்கு அரசு தந்த ஏற்பு. பழைய தோட்டப் பள்ளியின் உரிமத்தை நகரத்துக்கு மாற்றுவதா, இருந்த இடத்திலேயே காப்பதா என்ற கேள்வி எழும் ஒவ்வொரு முறையும் இரண்டு வகை வாக்காளர் மோதுகின்றனர்: பள்ளியை நினைவாகக் கொண்ட முன்னாள் மாணவர், பள்ளியைத் தினமும் பயன்படுத்தும் பெற்றோர். இருவரும் நியாயம் உடையவர்கள். அவர்களிடையே முடிவு காணும் முறைதான் இல்லை.

5. போட்டியிடுபவர் சந்திப்பது

இந்நிலையில் ஒரு தாய் பொறுப்புக்கு நிற்க விரும்பினால் அவர் முன் உள்ள தடைகள் தனிமனிதத் தடைகள் அல்ல. கூட்டம் பெரும்பாலும் வார இறுதியில். ஷிப்ட் வேலைக்கு வார இறுதி கிடையாது. வாக்காளர் பட்டியல் என ஒன்று முன்கூட்டி வெளியிடப்படுவதில்லை, வந்தவரே வாக்காளர். கணக்கு கூட்டத்தன்றுதான் கைக்கு வருகிறது. வேட்பாளர் தன் எண்ணத்தை எடுத்துச் சொல்ல நேரம் ஒதுக்கப்படுவதில்லை. பட்டியலாக வரும் அணி ஒன்று எல்லா இடங்களையும் வெல்கிறது. தோற்றவர்கள் அடுத்த ஆண்டு வருவதில்லை. மாவட்டக் கல்வி இலாகாவோ நியமன அதிகாரிகளின் அலுவலகம். கோல மூடா–யான், கூலிம்–பண்டார் பாரு, பாலிங்–சிக் எனப் பிரிந்த அந்த மாவட்டங்களின் மட்டத்தில் பள்ளி வாரியங்கள் ஒன்றாக அமர்ந்து பேசச் சட்டப்படி இருக்கை ஏதும் இல்லை. ஒரே மாவட்டத்தின் பத்துப் பள்ளிகளும் ஒரே நிலச் சிக்கலைப் பத்துத் தனித்தனிக் கோப்புகளாகத் தூக்கிச் செல்கின்றன.

6. மூன்று மறுப்புகள்

தேர்தலை விரிவாக்கினால் கட்சி அரசியல் நுழையும் என்பது முதல் மறுப்பு. கட்சி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நியமனத்தின் வழியும் சிபாரிசின் வழியும் வருகிறது. திறந்த வாக்கு அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்யும். கணக்குக் கேட்கவும் வழி தரும்.

சிறு பள்ளிக்கு வேட்பாளரே கிடைக்க மாட்டார் என்பது இரண்டாவது. தொகுதியை லயத்தளவில் வைத்திருக்கும்வரை அது உண்மை. முன்னாள் மாணவரையும் வேன் வரும் தூரத்துப் பெற்றோரையும் பட்டியலில் சேர்த்தால் நாற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் நூற்றுக்கணக்கான வாக்காளர் உண்டு.

மூன்றாவது மறுப்பு வலுவானது: தமிழ்ப்பள்ளிக்கு உள்ள ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, உள்ளே தேர்தல் நடத்துவது ஒற்றுமையைக் குலைக்கும். அமைச்சர் விரும்பினால் தாய்மொழிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்ற 1961 கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு 1996 சட்டத்தில் இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு ஏற்றவையே என 2021-இல் உயர்நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. சட்டத்தின் தரப்பில் இருந்த அச்சம் இவ்வாறு குறைந்திருக்கிறது. இப்போது பள்ளியை மூடுவது மாணவர் இன்மை. அதை எதிர்கொள்ள ஊரை அணிதிரட்டும் அமைப்பு வேண்டும். இதற்குச் சீனப் பள்ளிகள் சான்று: 1954-இல் ஒன்றிணைந்த சீனப் பள்ளி வாரியங்களின் சங்கம் வலுப்பெற்றது, வட்டார வணிகரும் பெற்றோரும் வாரியத்தைத் தம்முடையதாகக் கருதியதால்.

7. ஒப்பீடும் முன்மொழிவும்

தமிழ்நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2022-இல் அக்குழுக்கள் மாநிலமெங்கும் மறுகட்டமைக்கப்பட்டன. அங்கே நிலம் பெரும்பாலும் சிக்கலில்லை என்பதால் அதை அப்படியே இங்கே நட முடியாது; பெற்றோர் பங்கைச் சட்டத்திலேயே எழுதிவைத்த துணிவு மட்டும் கொள்ளத்தக்கது.

வாக்கு முறைக்கு இன்னும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1870 கல்விச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்தில் அமைந்த பள்ளி வாரியங்களுக்குப் பெண்கள் வாக்களிக்கலாம், நிற்கலாம். லண்டனில் எலிசபெத் காரெட்டும் எமிலி டேவிசும் முதல் தேர்தலிலேயே வென்றனர். எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒருவருக்கு. விரும்பினால் அத்தனையையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கலாம். சிறு சமயப் பிரிவுகளும் இதனால் இடம் பெற்றன. அணிப்பட்டியல் அனைத்தையும் அள்ளிக்கொள்ளும் நம் கூட்டங்களுக்கு இம்முறை நேரடியாகப் பொருந்தும்.

இவற்றிலிருந்து ஐந்து மாற்றங்களை முன்வைக்கலாம். இயங்காத நிறுவனங்களின் புரவலர் இருக்கைகள் காலாவதியாகிப் பெற்றோர், முன்னாள் மாணவர் தரப்புகளுக்குச் சேர வேண்டும். கூட்டத்துக்கு முன்பே வாக்காளர் பட்டியலும் தணிக்கை செய்த கணக்கும் ஒட்டப்பட வேண்டும். ஷிப்ட் வேலை செய்வோருக்கு ஏற்ப வாக்குப்பெட்டி இரண்டு நாள் திறந்திருக்க வேண்டும். குவிப்பு வாக்கு முறை வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவோடு நிலம், இடமாற்றம், போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டாகப் பேசும் மாவட்ட வாரிய மன்றம் வேண்டும். முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் அமைச்சின் ஒப்புதல் தேவை. நடுவிலுள்ள மூன்றில், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலின் அளவிலாவது, ஒரு பள்ளி அடுத்த ஆண்டுக்கூட்டத்திலேயே தொடங்கலாம்.

தோட்டம் போனதற்கு வருந்தும் எழுத்து நம்மிடம் நிறைய உண்டு. தோட்டம் விட்டுச்சென்ற நிறுவனத்தை யார் பெயரால் நடத்துவது என்ற கேள்வி அந்த வருத்தத்தால் தீராது. கெடாவின் பெற்றோர் தாமானுக்குக் குடிபெயர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவர்களின் வாக்குரிமையும் இனி அவர்களோடு குடிபெயர்ந்தாக வேண்டும்.