மெடிசேவ் கணக்கும் 22 ஆண்டுக் காத்திருப்பும்

“என் பணம்தானே, நான் ஏன் எடுக்கக்கூடாது?” சிங்கப்பூர் மருந்தகங்களில் கட்டணம் செலுத்தும் முகப்பில் மூத்தோர் பலர் கேட்கும் கேள்வி இது. அதற்கான பதில் 1984-இல் தொடங்குகிறது.

அவ்வாண்டு ஏப்ரலில் மெடிசேவ் நடப்புக்கு வந்தது. சம்பளத்தில் 6 விழுக்காடு மத்திய சேம நிதிக்குள் தனிக் கணக்காகப் பிரிக்கப்பட்டது. எல்லாருடைய மருத்துவச் செலவையும் அரசாங்கமே ஏற்றால் வரிச்சுமை ஏறிக்கொண்டே போகும் என்பது அதன் பின்னணி வாதம். ஆளுங்கட்சிக்குள்ளேயே எல்லாரும் தலையாட்டவில்லை. முன்னாள் சுகாதார அமைச்சர் டாக்டர் தோ சின் சாய் நாடாளுமன்றத்தில் இத்திட்டத்தைக் குறைகூறினார்.

முதுமையில் கணக்கு காலியாகிவிடக்கூடாது என்ற அச்சத்தில் விதிகள் இறுக்கமாக எழுதப்பட்டன. பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோருக்காகவும் பணத்தை எடுக்கலாம். ஆனால் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் எடுக்க முடியும். பிள்ளைப்பேற்றிலும் கணக்குப் பார்த்தார்கள். ‘இரண்டே போதும்’ என்ற கொள்கை மாறிய 1987-இல்தான் மூன்றாவது பிள்ளையின் பிரசவச் செலவுக்கு வழி திறந்தது. மக்கள்தொகைக் கொள்கை மருத்துவச் சேமிப்புக்குள் எப்படி நுழைந்தது பாருங்கள்! சுயதொழில் செய்வோர் 1992-இல் திட்டத்துக்குள் வந்தனர்.

இந்த விதிகளில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. நீரிழிவு உள்ளவர் மாதாமாதம் மருந்துக்குக் கைக்காசு கொடுக்க வேண்டும். மருந்தை விட்டுவிட்டுப் புண் முற்றி, காலை எடுக்க மருத்துவமனையில் சேர்ந்தாலோ மெடிசேவ் உண்டு. நோயை முளையிலேயே அடக்க நினைப்பவருக்குக் கதவு மூடியிருந்தது. நீரிழிவு அதிகம் காணப்படும் இந்தியர் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2006 அக்டோபரில், கோ பூன் வான் சுகாதார அமைச்சராக இருந்தபோது, அந்தக் கதவு திறந்தது. நீரிழிவுக்கான வெளிநோயாளர் சிகிச்சைக்கு ஒரு கணக்கிலிருந்து ஆண்டுக்கு 300 வெள்ளி வரை எடுக்கலாம் என்றானது. 2007 ஜனவரியில் இரத்த அழுத்தம், கொழுப்புச்சத்துக் கோளாறு, பக்கவாதம் ஆகியவை சேர்ந்தன. அப்போதும் ஒவ்வொரு கட்டணத்திலும் முதல் 30 வெள்ளியையும் மீதியில் 15 விழுக்காட்டையும் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த 30 வெள்ளி நிபந்தனை பின்னர் நீங்கியது.

2015-இல் 65 வயதானோர் வெளிநோயாளர் செலவுக்கு ஆண்டுக்கு 200 வெள்ளி வரை எடுக்க அனுமதி கிடைத்தது. 2018-இல் அந்த வயது 60 ஆகக் குறைந்தது.