குடிபோன வீடும் குடியுரிமையும்

திருகோணமலை நகருக்கு வடக்கே சல்லி ஒரு மீன்பிடி ஊர். கரையில் இருக்கும் முத்துமாரியம்மன் கோயிலால் மாவட்டம் முழுக்கப் பெயர் தெரிந்தது. இத்தகைய கரையோர ஊரில் வீடு என்று சொன்னால் வேலியடைத்த வளவு, கிணறு, வலை காயப்போடும் வெளி, கூப்பிடு தூரத்தில் வள்ளம் ஏற்றும் கரை எல்லாம் அதில் அடங்கும். 1983-க்குப் பிறகும், 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோதும், இந்த மாவட்டத்துத் தமிழர் பலர் அத்தனையையும் விட்டுக் கிளம்பினார்கள். சிலர் கடல் தாண்டி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். வேறு சிலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். போன இடத்தில் குடியமர்ந்த கதையைக் குளிர், மொழி, சாப்பாடு என்றே நாம் சொல்லி வருகிறோம். அவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் அந்நிய நாட்டில் கிடைத்த அறை வீடாக மாறியதா என்பதைத் தீர்மானித்தது, அங்கே எவ்வளவு காலம் இருக்கலாம் என்று அந்த நாட்டு அரசு எழுதிக் கொடுத்த தாள்தான் என்பது என் வாதம்.

இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நோய் பார்த்துத் தடுத்துவைக்க, இலங்கை அரசே இந்தியக் கரையில் நடத்திய இடம் அது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்திறங்கியதும் அங்கேதான். ஆக, யாரும் தங்குவதற்காகக் கட்டப்படாத இடம், கடந்துபோகிறவர்களுக்கான இடம். 1983 முதல் தமிழகத்துக்கு வந்த ஈழத்தமிழர் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெருந்தொகையினர் அங்கே பதிவுசெய்யப்பட்டு மற்ற முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி அறைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டது. மொழி ஒன்று, சாமி ஒன்று, சோறும் மீன்குழம்பும் ஒன்று. இருந்தும், 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர், கடவுச்சீட்டின்றி வந்தவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள்.

இதன் எதிர்ப்புறம் டொராண்டோ. செயின்ட் ஜேம்ஸ் டவுனின் அடுக்குமாடிகள் 1960-களில், தனியாக வாழும் இளம் உத்தியோகத்தர்களை எண்ணிக் கட்டப்பட்டவை. எண்பதுகளில் வந்த தமிழர் அங்கே ஒரே அபார்ட்மெண்டில் பலராகச் சேர்ந்து வாடகை கட்டினார்கள். வளவும் இல்லை, கிணறும் இல்லை; கதவைத் திறந்தால் நடைபாதை, அதன் முனையில் லிப்ட். இடநெருக்கடியில் முகாம் அறைக்கு இது பெரிதும் மாறுபட்டதல்ல. மாறுபட்டது சட்டம். அகதிக் கோரிக்கையாளரை நேரில் விசாரிக்க வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கரைசேர்த்தபோது, ஓராண்டு தங்கி வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்கள் மனைவி மக்களை அழைத்தார்கள், சீட்டுப் பிடித்தார்கள், கடன் வாங்கினார்கள், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் சொந்த வீடு வாங்கினார்கள்.

கனடா பணக்கார நாடு, அதனால்தான் இது முடிந்தது என்று சொல்லலாம். கூலி வித்தியாசம் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் செலவழித்துக் கட்டிய வீடும் சட்ட உரிமை இல்லாத குறையைத் தீர்க்கவில்லை என்பதைத் தமிழகமே காட்டுகிறது. 2021-இல் மாநில அரசு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர அறிவித்து, முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியது. மதிக்க வேண்டிய செயல் அது. ஆனாலும் காங்கிரீட் கூரையின் கீழ் குடிபோனவர்கள் வெளிநாட்டவராகவே குடிபோனார்கள். குடியுரிமை தருவது மாநில அரசின் கையில் இல்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நிரந்தரமாக்கினால் ஊர்திரும்பும் உரிமை மங்கிவிடும், சொந்த மண்ணில் தமிழரின் பலம் குறையும் என்பது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களிலிருந்து திரும்பிப் போனார்கள். மறுபடி போர் மூள, 1996-லிருந்து அடுத்த அலை வந்தது. திரும்பியவர்களைத் தங்கவிடாமல் செய்தது போர். கனடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கோயில் திருவிழாவுக்குத் திருகோணமலை வந்துபோகிறார்; முகாமில் இருப்பவருக்கு அப்படிப் போய்வர வழியில்லை.

நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் அந்த உயிர்காப்புப் படகுகள் கண்டெடுக்கப்பட்ட அதே 1986-இல் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்திய மண்ணில் பிறந்ததால் அவர் இந்தியக் குடிமகள் என்று சொல்லி, கடவுச்சீட்டு வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் முகாமில் பிறந்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.