தெலுக் ஆயரின் இரும்பு மண்டபம்

தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்காவின் வாசலில் நின்று பார்த்தால் இன்று வானுயர்ந்த கட்டடங்களே தெரிகின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அதைக் கட்டியபோது, எதிரே அலையடித்தது. அந்தத் தெருவே அன்று கடற்கரை. ஊருக்கு மீனும் காய்கறியும் தந்த சந்தையும் அந்தக் கரையோரத்தில்தான் இருந்தது.

1838இல் கட்டடக் கலைஞர் கோல்மன் அச்சந்தைக்கு எண்கோண வடிவம் தந்தார். பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது, 1879இல் அது இடிக்கப்பட்டது. 1894இல், தூர்க்கப்பட்ட நிலத்தில், நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி புதிய சந்தையை எழுப்பினார். இடம் மாறியது, எண்கோணம் மாறவில்லை. வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தன. சுவர் எழுப்பி அடைக்காமல் நாற்புறமும் திறந்துவிட்டதால் கடற்காற்று உள்ளே வந்தது. அடுக்குக் கூரையின் இடைவெளி வழியே வெப்பம் வெளியேறியது. நடுவிலிருந்து நடைபாதைகள் எல்லாத் திசைகளிலும் பிரிந்தன. உச்சியில் மணிக்கூண்டு.

மக்கள் அதை 'லாவ் பா சாட்' என்றார்கள். ஹொக்கியன் மொழியில் 'பழைய சந்தை' என்று பொருள். 'பா சாட்' மலாயின் 'பாசார்'. அதன் மூலம் பாரசீகத்து 'பஜார்'. நம் ஊர்க் கடைத்தெருவில் புழங்கும் அதே சொல்!

சுற்றுப்புறம் வணிக வட்டாரமானதும், 1973இல் சந்தை உணவங்காடி நிலையமாயிற்று. அதே ஆண்டு தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. 1986இல் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியபோது, அதிர்வில் சேதமடையாதிருக்க இரும்புச் சட்டகத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பாதுகாத்து, பணி முடிந்தபின் அதே இடத்தில் மீண்டும் பொருத்தினார்கள். இன்றும் அங்கே அடுப்பெரிகிறது.

நம் நாகூர் தர்காவும் அவ்வாறே. 1974இல் நினைவுச் சின்னமான அது, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகப் புத்துயிர் பெற்றது. சட்டம் ஒரு கட்டடத்தை இடிக்காமல் காக்கலாம். ஆனால், உள்ளே நடமாடும் மக்களே அதற்கு உயிர். பொன்விழாக் காணும் சங்கத்திற்கும் இது பொருந்தும். தொழில் மாறலாம், தலைமுறை மாறலாம். வாசல் திறந்திருக்க வேண்டும். அடுத்த முறை பிள்ளைகளை அங்கே சாப்பிட அழைத்துச் செல்லும்போது, கூரையையும் ஒருமுறை காட்டுவோம். திரும்பும் வழியில் தர்காவின் வாசலிலும் சற்று நிற்போம்.