எச்.ஐ.வி. உள்ளோருக்கு மறைநிலை ஹெபடைட்டிஸ் பி தொற்று

ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் ஆகும். இரத்தத்தில் அதன் மேற்பரப்பு ஆன்டிஜென் உள்ளதா என்பதைக் கொண்டே இத்தொற்று பொதுவாகக் கண்டறியப்படுகிறது. சிலருக்கு இப்பரிசோதனையில் ‘இல்லை’ என முடிவு வந்தாலும், வைரஸின் டி.என்.ஏ. இரத்தத்திலோ கல்லீரலிலோ தங்கியிருக்கும். இதுவே மறைநிலைத் தொற்று. எச்.ஐ.வி. உள்ளோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

எவ்வாறு கண்டறிவது?

கல்லீரல் நொதிகளின் அளவு காரணமின்றி உயர்ந்தால், வைரஸ் டி.என்.ஏ. பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

மருந்தை ஏன் நிறுத்தக்கூடாது?

ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாக வழங்கப்படும் டி.எல்.டி. மாத்திரையிலுள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய இரண்டும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். மஞ்சள் காமாலை தோன்றினால், கீழாநெல்லி போன்ற நாட்டு மருந்து உண்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

வாழ்க்கைத் துணைவர் பரிசோதனை செய்துகொள்வதும், தொற்று இல்லையெனில் தடுப்பூசி பெறுவதும் நன்று. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் முதல் தவணை அளிக்கப்பட வேண்டும்.

எங்கு அணுகுவது?

கெடார் சுற்றுவட்டாரத்தினர் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தை அணுகலாம். கட்டணமில்லா உதவி எண்: 1097.