நினைவட்டை உறுதிப் பரீட்சை

புகைப்படக் கருவி முதலிய சாதனங்களில் செருகப்படும் நினைவட்டைகள், நீர், தூசி, உஷ்ணம், வீழ்ச்சி, வளைவு ஆகியவற்றுக்கு உட்பட்ட பின்னரும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பதிவுகளைப் பழுதின்றித் திருப்பித் தருகின்றனவா என்பதை நிர்ணயிக்கும் சோதனை முறைகளின் தொகுதி.

சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1999-இல் கூட்டாக அறிவித்த எஸ்.டி. வகை நினைவட்டை, 32 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் 2.1 மி.மீ. கனமும் மட்டுமே உடையதாய், பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் பொருத்தப்பட்டு அமைவதால், பொருத்துவாய் பிளத்தல் அதன் சுபாவமான பலவீனம் ஆயிற்று. 2018-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 'டஃப்' எஸ்.டி. அட்டை வரிசையோ, மின்தொடுமுனைகளுக்கு இடையிலான விலாக்களும் எழுத்துத் தடுப்புப் பொத்தானும் இன்றி ஒரே வார்ப்பாக உருவாகி, 180 நியூட்டன் வளைவிசையையும் 5 மீட்டர் வீழ்ச்சியையும் தாங்குமென அறிவிக்கப்பட்டது.

நீரையும் தூசியையும் தடுக்கும் திறனைக் குறிக்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529-ஆம் நியமம் வகுக்கும் ஐ.பி. 68 என்னும் தரக்குறியில், 6 தூசி சிறிதும் புகாமையையும், 8 உற்பத்தியாளர் குறிப்பிடும் நிபந்தனைகளின்படி நீரில் தொடர்ந்து மூழ்கியிருத்தலையும் குறிக்கும்.

உறை சிதையாமை மட்டும் வெற்றியாகாது. முன்னரே எழுதிய தரவைச் சோதனைக்குப் பின் படித்து, மூலத்தோடு ஒவ்வொரு பிட்டாக ஒப்பிடுவதே முடிவான பிரமாணம். மேலும், அழித்தெழுதுந்தோறும் நினைவணுக்களின் மின்காப்புப் படலம் க்ஷீணமடைவதால், பல்லாண்டு மூப்பைச் சில வாரங்களில் அறியும் பொருட்டு உயர் உஷ்ணத்தில் வைத்துச் சோதிப்பதும் உண்டு. இத்தேய்மானத்தை எவ்வளவு உறுதியான உறையும் தடுக்காது.