வைப்புத்தொகையை இழந்தோரின் வரலாறு



2022 மார்ச் 12ஆம் நாள் நடைபெற்ற ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே வாக்களித்தனர். 18 வயது நிரம்பிய இளையோர் நம் நாட்டில் முதன்முறையாக வாக்களித்த தேர்தல் அது. பெருந்தொற்றும், சிங்கப்பூரில் பணிபுரிவோர் ஊர் திரும்புவதிலிருந்த சிரமமும் இக்குறைவுக்குக் காரணங்களே. எனினும், 2018இல் வாக்காளர் தேர்ந்தெடுத்த கூட்டரசும் மாநில அரசும் 2020இல் தேர்தலின்றியே மாறியதைக் கண்ட கசப்பையும் மறுப்பதற்கில்லை. "யார் வந்தால் நமக்கென்ன?" என்ற பேச்சு அன்று எங்கும் ஒலித்தது.

அத்தகைய சூழலில், 56 தொகுதிகளுள் கோத்தா இஸ்கண்டார் ஒன்றில் மட்டும் மலேசிய சோசலிசக் கட்சி (பி.எஸ்.எம்.) போட்டியிட்டுத் தோற்றது. சட்டமன்ற வேட்பாளர் 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை செலுத்த வேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாவிடில் அத்தொகை திரும்பாது. பெரிய கூட்டணிகளுக்கு இது சிறு தொகை. உண்டியல் குலுக்கிப் பணம் திரட்டும் சிறு கட்சிக்கு அப்படியன்று. வெற்றி அரிது என்றறிந்தும் தொண்டர்கள் ஏன் உழைக்கின்றனர்? விடை வரலாற்றில் உள்ளது.

தோட்டத் தொழிலாளரிடையேயும் நகர்ப்புற ஏழைகளிடையேயும் பணியாற்றிய குழுக்கள் இணைந்து 1998இல் இக்கட்சியைத் தொடங்கின. பதிவு மறுக்கப்பட்டது, வழக்கு நீண்டது, 2008இல்தான் பதிவு கிட்டியது. அதுவரை பிற கட்சிகளின் சின்னத்திலேயே நிற்க நேர்ந்தது. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் 1999இலும் 2004இலும் தோற்றார். 2008இல், 1974 முதல் அத்தொகுதியைத் தம் வசம் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலுவை 1,821 வாக்குகளில் வென்றார்.

அதே ஆண்டு திசம்பரில், இக்கட்சியினர் முன்னின்ற 'ஜெரிட்' அமைப்பின் மிதிவண்டிக் குழுக்கள், வடக்கிலிருந்தும் தெற்கே ஜொகூரிலிருந்தும் நாடாளுமன்றம் நோக்கிப் புறப்பட்டன. வழியில் காவல்துறையின் தடைகள் இருந்தன. அவர்களின் கோரிக்கைகளுள் மூன்றை நோக்குவோம். ஒன்று, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்: 2013 சனவரியில் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டுடன் நடைமுறைக்கு வந்தது, 2025இல் 1,700 ஆயிற்று. இரண்டு, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்குதல்: 2012இல் அது நீக்கப்பட்டு வேறொரு சட்டம் இடம்பெற்றது. மூன்று, 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சி மன்றத் தேர்தல்: இன்னும் திரும்பவில்லை.

இவை அக்கட்சியின் தனிச் சாதனை என்று கூறின் மிகையாகும். தொழிற்சங்கங்களும் பொது அமைப்புகளும் மற்றக் கட்சிகளும் குரல் கொடுத்தன. ஆயினும், பிறர் பொருட்படுத்தாத காலத்திலேயே அக்கோரிக்கைகளைத் தோட்டம் தோட்டமாகச் சுமந்து சென்றோருள் இவர்களும் இருந்தனர்.

2018இல் தம் சொந்தச் சின்னத்தில் நின்ற ஜெயகுமார் பெற்றவை 1,505 வாக்குகள் மட்டுமே. வைப்புத்தொகை பறிபோயிற்று, சம்பளச் சட்டம் பறிபோகவில்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் நம் மாணவர்களின் பெற்றோருக்கு, இவற்றுள் எது பெரிது என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தேர்தல் நாளன்று ஒவ்வொரு வாக்களிப்பு வரிசையிலும் முகவராக அமர்ந்து, எண்ணிக்கையைக் கவனித்து, 14ஆம் பாரத்தைச் சரிபார்ப்பவரும் பெரும்பாலும் ஒரு தொண்டரே. அவர் எக்கட்சியினராயினும், அவர் விழித்திருப்பதால்தான் நம் வாக்கு எண்ணப்பட்டவாறே பதிவாகிறது என்று நம்ப முடிகிறது.

எந்தக் கட்சிக்கும் ஆதரவு தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. "எல்லாரும் ஒன்றுதான்" என்று பிள்ளைகள் முன்னிலையில் சொல்லுமுன், தோற்றவர்கள் விட்டுச் சென்றதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். வென்றவர் பட்டியலை மட்டும் கற்பித்தால் வரலாற்றில் பாதியைத்தான் கற்பித்தவராவோம்.