சாட்சி சொன்ன புழு

மதகடிப்பட்டில் செவ்வாய்தோறும் மாட்டுச்சந்தை கூடும். விலை பேசி முடித்த மாட்டின் கால்புண்ணில் யாரேனும் ஒரு பெரியவர் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருப்பதை அங்கே காணலாம். கேட்டால், "ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும்" என்பார். ஈக்கும் புழுவுக்கும் உள்ள இந்த உறவை ஐரோப்பாவில் சோதனை செய்து நிறுவியவர் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி. ஆண்டு 1668. அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகவே தோன்றுகிறது என்று அதுவரை அறிஞர் பலரும் நம்பியிருந்தனர். ரெடி சில குப்பிகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார். மூடிய குப்பியில் புழு இல்லை.

பட்டினத்தார் பாடல்களில் இவ்வுடலுக்கு உரிமை கோருவோர் வரிசையில் நெருப்பு, மண், நரி, நாய் ஆகியவற்றோடு புழுவும் வரும். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் நிலையாமை என்ற ஒரு சொல்லோடு நான் கடந்துபோவது வழக்கம். அந்தப் புழு உரிமை கோருவதோடு நில்லாமல் சாட்சியும் சொல்லும் என்பதைப் பிற்பாடே படித்தறிந்தேன்.

ஈயைத் துப்பறியப் பயன்படுத்திய மிகப் பழைய பதிவு சீனத்தது. சோங் ட்சி என்ற நீதி அதிகாரி 1247இல் எழுதிய நூலில் அது உள்ளது. அரிவாளால் ஒருவன் கொலையுண்ட ஊரில் எல்லோருடைய அரிவாள்களையும் தரையில் வைக்கச் சொன்னார்கள். ஒன்றின் மீது மட்டும் ஈ மொய்த்தது. துடைத்த இரத்தம் மனிதக் கண்ணுக்குத் தெரியவில்லை, ஈக்குத் தெரிந்தது. இக்கலை முறையான நூலாக உருப்பெற்றதோ, 1954 வரை நம் பகுதியை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் மொழியில். படைக் கால்நடை மருத்துவராக இருந்த மெக்னென் 1894இல் 'பிணங்களின் விலங்கினம்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். திறந்தவெளியில் கிடக்கும் உடலைத் தேடிப் பூச்சிகள் எட்டு அலைகளாக வருகின்றன என்பது அவர் கணக்கு. முதல் அலையில் வருவன பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்களே.

இனி நம் நாட்டில் பிறந்த ஒருவரின் கதைக்கு வருவோம். பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்து மருத்துவம் படித்த ஹக்கீம் என்பவர் இங்கிலாந்து சென்று பக் ரக்ஸ்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். லங்காஸ்டர் நகரில் நல்ல மருத்துவர் என்று பெயரும் எடுத்தார். அவருடன் மனைவியாக வாழ்ந்த இசபெல்லாவின் மீது அவருக்குத் தீராத ஐயம். 1935 செப்டம்பர் 14ஆம் நாள் இரவு, சகோதரிகளைப் பார்த்துவிட்டு பிளாக்பூலிலிருந்து இசபெல்லா காரில் புறப்பட்டார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. மேரி ரோஜர்சன் என்ற இளம் பணிப்பெண்ணும் காணாமற்போனார். குழந்தைகள் மூவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள்.

செப்டம்பர் 29 அன்று, அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி, ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஒரு பாலத்திலிருந்து எட்டிப் பார்த்த பெண்மணி ஓடையில் பொட்டலங்களைக் கண்டார். உள்ளே துண்டாக்கப்பட்ட இரண்டு உடல்கள். முகத்தின் உறுப்புகளையும் விரல் நுனிகளையும் அறுத்து நீக்கியிருந்தார்கள். அடையாளம் காண எவை உதவும் என்பதை நன்கு அறிந்த கை அது. மருத்துவர் எண்ணிப் பாராதது ஈயை மட்டுமே.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெர்ன்ஸ் அவ்வுடல்களில் இருந்த புழுக்களை ஆராய்ந்தார். நீல ஈ இனமான கலிஃபோராவின் புழுக்கள் அவை. வளர்ச்சியைக் கொண்டு அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றார். கணக்குப் பின்னோக்கிச் சென்று, இசபெல்லா மறைந்த நாளையொட்டி நின்றது. அப்புழுக்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு குப்பியில் இருக்கின்றன.

ரக்ஸ்டனைத் தூக்குமேடைக்கு அனுப்பியது இப்புழுதான் என்று எழுதுவோர் உண்டு. அது மிகை. பொட்டலம் சுற்றிய செய்தித்தாள் லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் விற்ற, செப்டம்பர் 15ஆம் நாள் தனிப்பதிப்பு. மண்டையோட்டின் படத்தை இசபெல்லாவின் புகைப்படத்தோடு பொருத்திக் காட்டினார்கள் கிளெய்ஸ்டரும் பிராஷும். எஞ்சிய கைரேகை மேரியின் வீட்டுப் பொருள்களோடு ஒத்தது. இவற்றின் நடுவே புழு ஓர் இழை, அவ்வளவே. மான்செஸ்டரில் 1936 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. உயிர்ப்பிச்சை கேட்டு 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டும் பயனில்லை. மே 12 அன்று தூக்கு நிறைவேறியது.

அந்தக் கணக்கின் உள்ளமைப்பு எளியது. ஈ முட்டையிடும், வெளிவரும் புழு இருமுறை தோலுரித்து மூன்று பருவம் வளரும், தின்று முடித்தபின் உடலை விட்டகன்று மண்ணில் கூட்டுப்புழுவாகும். புழு சொல்வது முட்டையிட்ட காலத்தை மட்டுமே. இறப்பு அதற்கு முன்னரே நிகழ்ந்திருக்கலாம். அடைத்த அறை, ஆழக் குழி, பெருமழை, இரவு, எதுவும் ஈயைத் தாமதப்படுத்தும். அதனால் இச்சாட்சி தருவது 'குறைந்தது இத்தனை நாள்' என்ற எல்லையே. இதை மறந்தால் குற்றமற்றவன் மாட்டிக்கொள்வான். பிரான்சின் அர்புவா ஊரில் 1850இல் ஒரு வீட்டில் கிடைத்த குழந்தையின் உடலைப் பெர்ஷெரே என்ற மருத்துவர் பூச்சிகளைக் கொண்டு காலம் கணித்து, குடியிருந்தவர்களை விடுத்து முந்தைய குடித்தனத்தாரைக் காட்டினார். ஆனால் ஈ முழுவளர்ச்சி அடைய ஓராண்டு ஆகும் என்று அவர் நினைத்திருந்தார்! நெறி புதியது, அடிப்படைத் தரவு பிழை.

மற்றொன்று வெப்பம். குளிர்ந்தால் புழு சோம்பும், சூடேறினால் விரையும். நம் ஊர்களில் மொய்க்கும் கிரைசோமியா மெகாசெஃபலா என்ற பச்சை ஈ, வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாகப் பத்து நாள் அளவே எடுத்துக்கொள்ளும். அதன் உறவினமான கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் புழு பிற புழுக்களையும் தின்னும் என்பதால், முதலில் வந்த சாட்சியே காணாமற்போகவும் கூடும். மொஃபட் ஓடையின் பன்னிரண்டு நாளைச் சித்திரை மாதத்து மதகடிப்பட்டு வயல்வரப்பில் வைத்துப் பார்த்தால் புழுவே எஞ்சாது. உடலைச் சுற்றிய மண்ணைக் கிளறி வெற்றுக் கூடுகளைத்தான் பொறுக்க வேண்டும்.